பிளஸ் ஒன்னில் கணக்கு எடுக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து ஜூன் பாதி வரை எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறவன் என்பதால் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தை வைத்துத்தான். சி.பி.எஸ்.இ. பற்றித் தேவைப்படும் இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை.

முதல் குரூப், இரண்டாம் குரூப் என்கிறார்களே, கணக்கு எதில் எல்லாம் வரும்?

குரூப்பின் பெயரை நம்பாதீர்கள், பாடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்குப் பள்ளி பேச்சுவழக்கு மாறும். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் சேர்ந்தால் பயோ மேத்ஸ். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இரண்டுக்கும் ஒரே கணிதப் புத்தகம், ஒரே தேர்வு. தாவரவியல், விலங்கியல் தனித்தனியாக வரும் ப்யூர் சயின்ஸில் கணக்கு கிடையாது. வணிகவியல் குரூப்பில் சில பள்ளிகளில் வணிகக் கணிதம் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

வணிகக் கணிதம் என்றால் சுலபமான கணிதம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' என்பதுதான் பாடத்தின் முழுப் பெயர். அதிலும் அணிகள், முக்கோணவியல், வகையிடல் (டிஃபரன்சியேஷன்), தொகையிடல் (இன்டகிரேஷன்) எல்லாம் வரும், ஆனால் ஆழம் குறைவு. பதிலாக ஒட்டுறவு, கூறெடுப்பு, பங்குகள், ஆண்டுத் தொகை, செயல்முறை ஆராய்ச்சி என்று வேறு சரக்கு இருக்கிறது. கணக்குக்குப் பயந்து இதற்கு வந்தவர்கள் முதல் வாரமே அணிக்கோவையை (டிடர்மினன்ட்) பார்த்து முழிப்பதை வருடாவருடம் பார்க்கிறேன். பி.காம்., பொருளாதாரம், சி.ஏ. என்று யோசிப்பவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் பாடம் இது. சி.ஏ. ஃபவுண்டேஷனில் கணக்கும் புள்ளியியலும் கலந்த ஒரு தாளே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இன்ஜினியரிங் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் கணிதத்தையே எடுங்கள். இது அதற்கு மாற்று ஆகாது.

பத்தாம் வகுப்பில் 96 வாங்கினேன். பிளஸ் ஒன் முதல் தேர்வில் 38. எனக்கு என்ன ஆச்சு சார்?

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாடம் மாறிவிட்டது. பத்தாம் வகுப்பு வினாத்தாளை நினைத்துப் பாருங்கள். ஜியோமெட்ரி ஒன்று, கிராஃப் ஒன்று, தலா 8 என்று 16 மதிப்பெண் கிட்டத்தட்ட கைக்குள். தொடுகோடு வரையத் தெரிந்தால் போதும். பிளஸ் ஒன்னில் அந்த இரண்டு கேள்வியும் கிடையாது. படம் வரைந்து தேறிய கூட்டத்துக்கு விழும் முதல் அடி அது.

இரண்டாவது அடி கொஞ்சம் ஆழமானது. பத்தாவது வரை கணக்கு என்றால் எண்ணைப் போடு, விடையை எடு. பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் 'எல்லை' என்று ஒரு பாடம் வரும். அதில் முதல் கணக்கே இப்படி இருக்கலாம்: மேலே எக்ஸ்² − 4, கீழே எக்ஸ் − 2. எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது இதன் மதிப்பு என்ன? பழைய பழக்கத்தில் 2-ஐப் போட்டால் மேலேயும் பூஜ்ஜியம், கீழேயும் பூஜ்ஜியம். வகுப்பில் பாதி பேர் "விடை இல்லை சார்" என்பார்கள், மீதி பேர் "1 சார்" என்பார்கள். அப்போது பலகையில் வரிசையாகப் போட்டுக் காட்டுவேன். எக்ஸ் 1.9 என்றால் 3.9 வருகிறது. 1.99 என்றால் 3.99. அந்தப் பக்கமிருந்து 2.01 என்றால் 4.01. சரியாக 2-இல் மதிப்பே கிடையாது, ஆனால் எல்லாரும் 4-ஐ நோக்கித்தான் போகிறார்கள். 'மதிப்பு என்ன' என்று கேட்டுப் பழகிய பிள்ளையிடம் இப்போது 'எங்கே போகிறது' என்று கேட்கிறோம். இது மண்டையில் இறங்க ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தில்தான் பலர் "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

38 வாங்கியவர்கள் அரையாண்டில் 70 தாண்டுவது சாதாரணமாக நடப்பதுதான். அப்படி ஏறுகிறவர்கள் பெரும்பாலும் முதல் தேர்வுத் தாளை மறைத்து வைக்காமல், தப்பான கணக்குகளைத் திரும்பப் போட்டவர்கள்.

பத்தாம் வகுப்பில் 60 தான். கணக்கு குரூப் எடுக்கலாமா?

மதிப்பெண்ணை வைத்து நான் பதில் சொல்வதில்லை. ஒரு தாள், பேனா எடுத்துக்கொண்டு இந்த நாலைப் போடுங்கள்.

எக்ஸ்² − 5எக்ஸ் + 6-ஐக் காரணிப்படுத்துங்கள். √50 − √8 எவ்வளவு? (1, 2), (3, 8) என்ற புள்ளிகள் வழியாகப் போகும் கோட்டின் சாய்வு என்ன? 1/(எக்ஸ் − 1)-இலிருந்து 1/(எக்ஸ் + 1)-ஐக் கழித்தால் என்ன வரும்?

விடைகள்: (எக்ஸ் − 2)(எக்ஸ் − 3), 3√2, 3, 2/(எக்ஸ்² − 1). பத்து நிமிடத்தில் மூன்று சரியாக வந்தால் 60 வாங்கியவர் தைரியமாக எடுக்கலாம். ஒன்றுகூட வரவில்லை என்றால் 90 வாங்கியிருந்தாலும் மே மாதம் வேலை இருக்கிறது. வகை நுண்கணிதம் புரியாமல் திணறும் பிள்ளைகளின் நோட்டைத் திறந்தால், வகையிடல் வரி சரியாக இருக்கும். அதற்கு அடுத்து சுருக்கும் வரியில்தான் கோட்டை விட்டிருப்பார்கள். அது எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம். மைனஸ் குறிக்குப் பின்னால் அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் குறியை மாற்ற மறப்பது, அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு வருடத்தில் என்னென்ன பாடம்?

வருடத்துக்கு 12 பாடம், இரண்டு தொகுதி, ஆக மொத்தம் 24.

பிளஸ் ஒன் கணங்கள், சார்புகளில் தொடங்கும். கொஞ்சம் தெரிந்த ஊர் மாதிரி இருக்கும். மூன்றாவதாக வரும் முக்கோணவியலில்தான் ரயில் தடம் மாறும். சூத்திரம், சூத்திரத்தின் மேல் சூத்திரம், கூட்டுக் கோணம், மடங்குக் கோணம் என்று பாடம் நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சைன் (ஏ + பி), காஸ் (ஏ + பி) இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதில் பெரும்பகுதியை நாமே வருவித்துக்கொள்ளலாம். அடுத்து சேர்ப்பியல், ஈருறுப்புத் தேற்றம், நேர்கோடுகள். இரண்டாம் தொகுதியில் அணிகள், வெக்டர், எல்லைகள், வகையிடல், தொகையிடல், நிகழ்தகவு.

பிளஸ் டூவில் அணிகளின் பயன்பாடு, கலப்பு எண்கள், சமன்பாட்டியல், நேர்மாறு முக்கோணவியல், கூம்பு வளைவுகள், வெக்டர் என்று முதல் தொகுதி. இரண்டாவதில் பெரும்பகுதி நுண்கணிதம்தான். பிள்ளைகளுக்குப் பிடித்தது எதுவென்று கேட்டால் வகைக்கெழுச் சமன்பாட்டில் வரும் ஒரு கணக்கைச் சொல்வார்கள்: பிணத்தின் உடல் வெப்பநிலையை இரண்டு முறை அளந்து, இறந்த நேரத்தைக் கண்டுபிடிப்பது. அன்றைக்கு மட்டும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். கூம்பு வளைவில் பாலத்தின் வளைவு, டிஷ் ஆன்டெனா பற்றிய கணக்குகள் நீளமாக இருக்கும். படம் போட்டுவிட்டால் பாதி முடிந்தது. கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதம் பலரும் தொடாமல் விடுவது, ஆனால் உண்மை அட்டவணை போடுவதைப் போல சுலபமான மதிப்பெண் அந்தப் புத்தகத்திலேயே குறைவு.

சி.பி.எஸ்.இ.யிலிருந்து பிளஸ் ஒன்னுக்கு மாறி வருகிறவர்கள் கவனிக்க: கலப்பு எண்களும் கூம்பு வளைவுகளும் அங்கே பதினொன்றிலேயே வந்துவிடும், இங்கே பன்னிரண்டில்தான். நடுவில் மாறினால் சில பாடங்கள் இரண்டு முறை வரும், சில வராமலே போகும்.

தேர்வுத் தாள் எப்படி இருக்கும்?

எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. மூன்று மணி நேரம். ஒரு மதிப்பெண் கேள்வி 20, எல்லாமே கொள்குறி. இரண்டு மதிப்பெண்ணில் பத்து கொடுத்து ஏழு எழுதச் சொல்வார்கள், மூன்று மதிப்பெண்ணிலும் அப்படியே. ஐந்து மதிப்பெண் ஏழு, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. 20 + 14 + 21 + 35 = 90.

30-வது, 40-வது கேள்விகள் கட்டாயம். சாய்ஸில் விட முடியாது. புத்தகத்தில் அப்படியே இல்லாத கணக்கு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். இன்னொரு விஷயம்: எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று சொல்லும் புளூபிரிண்ட் முன்பு இருந்தது. அதை வைத்து நாலு பாடத்தைக் கழற்றிவிட்டுப் படித்த அண்ணன்மார் வீட்டுக்கு வீடு உண்டு. இப்போது அது இல்லை. அவர்களிடம் யோசனை கேட்காதீர்கள்.

விடை தப்பானால் மொத்த மதிப்பெண்ணும் போய்விடுமா?

போகாது. படிக்குப் படி மதிப்பெண் உண்டு. ஆனால் அதே காரணத்தால் விடை சரியாக இருந்தும் மதிப்பெண் போகும், அதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஒரு உதாரணம்.

12 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகடு. நாலு மூலையிலும் சம அளவுள்ள சதுரங்களை வெட்டி எடுத்து, ஓரங்களை மடக்கி மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். பெட்டியின் கனஅளவு அதிகபட்சமாக இருக்க எவ்வளவு வெட்ட வேண்டும்?

வெட்டும் பக்கம் எக்ஸ் என்றால் கனஅளவு எக்ஸ் (12 − 2எக்ஸ்)². வகையிட்டுக் காரணிப்படுத்தினால் (12 − 2எக்ஸ்)(12 − 6எக்ஸ்). இதைப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தினால் எக்ஸ் 6 அல்லது 2. நன்றாகப் படிக்கும் பையன் இங்கே "எக்ஸ் = 2" என்று எழுதி, கனஅளவு 128 கன செ.மீ. என்று கட்டம் கட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவான். விடை சரி. ஆனால் 6-ஐ ஏன் தள்ளினாய்? நாலு மூலையிலும் 6 வெட்டினால் 12-இல் மிச்சம் எதுவும் இருக்காது, பெட்டியே கிடையாது. அந்த ஒரு வரி தாளில் இல்லை. 2-இல் வருவது பெருமமா, சிறுமமா? இரண்டாம் வகைக்கெழு 24எக்ஸ் − 96. 2-ஐப் போட்டால் −48, குறை எண், ஆகவே பெருமம். அந்த வரியும் இல்லை. திருத்துகிறவர் கையிலுள்ள விடைக்குறிப்பில் அந்தப் படிகளுக்கும் பங்கு உண்டு.

தொகையிடலில் கடைசியில் வரும் மாறிலியை விடுவதும் இந்த வகைதான். அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லையே, நேராகப் பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்தால் என்ன?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்டால் பரவாயில்லை. சில பள்ளிகளே செய்வதுதான் வருத்தம். முன்பு இதே கதைதான் நடந்தது. இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட்டார்கள், பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் கசங்காமல் கிடந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26 முதல் அது ரத்தாகிவிட்டது. பிள்ளைகள் மேலுள்ள சுமை குறைந்தது நல்லதே. ஆனால் பழைய பழக்கம் திரும்பி வந்தால் அடி வாங்கப்போவது கணக்குதான்.

காரணம் எளிது. வரலாற்றில் ஒரு பாடத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் படிக்கலாம். கணக்கில் பிளஸ் டூவின் ஏழாம் பாடம் தொடங்கும்போது, வகையிடத் தெரியும் என்று புத்தகம் நினைத்துக்கொள்கிறது. மறுபடி சொல்லித்தராது. தொகையிடலும் அப்படியே: முறைகள் எல்லாம் பதினொன்றில், பரப்பும் கனஅளவும் காண்பது பன்னிரண்டில். பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓட்டிவிட்டார்கள் என்றால், குறைந்தபட்சம் முக்கோணவியல், வகையிடல், தொகையிடல் மூன்றையாவது நீங்களே உட்கார்ந்து முடித்துவிடுங்கள். பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தமிழ் வழியில் படிக்கிறேன். காலேஜில் இங்கிலீஷில் கஷ்டப்படுவேனா?

முதல் செமஸ்டரில் கொஞ்சம் தடுமாறுவீர்கள், கணக்கினால் அல்ல, பெயர்களால். குறியீடுகள் இரண்டு மொழியிலும் ஒன்றே. மாறுவது நூறு, நூற்றைம்பது சொற்கள். சார்பு என்பது ஃபங்ஷன், எல்லை என்பது லிமிட், வகையிடல் டிஃபரன்சியேஷன், தொகையிடல் இன்டகிரேஷன், அணிக்கோவை டிடர்மினன்ட், பரவளையம் பரபோலா. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிசையாக இன்றே எழுதத் தொடங்குங்கள். பொதுத்தேர்வு வினாத்தாளில் கணக்கு இரண்டு மொழியிலும் இருக்கும். பழைய தாள்களைப் பக்கத்தில் வைத்துப் படித்தாலே பாதிச் சொற்கள் பழகிவிடும்.

சில இடங்களில் நமக்குத்தான் லாபம். நீள்வட்டம் என்றாலே உருவம் கண்ணில் வந்துவிடுகிறது. எலிப்ஸ் என்றால் என்ன தெரிகிறது? ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருக்கிறது, அதனால் சார்பு. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு ஃபங்ஷனை விளக்கும்போது நான் இந்தச் சொல்லைத்தான் கடன் வாங்குகிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கணக்குப் போட வேண்டும்?

ஒரு மணி நேரம், தினமும். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி நேரம் போடுவது அதற்குச் சமம் ஆகாது. 'போட' என்கிறேன், 'படிக்க' என்று சொல்லவில்லை. தீர்வுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தலையாட்டினால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். மூடிவிட்டுப் போட்டுப் பார்த்தால் மூன்றாவது வரியில் நிற்கும்.

டியூஷன் கட்டாயமா?

இல்லை. ஆனால் சந்தேகம் கேட்க ஒரு ஆள் கட்டாயம். அது பள்ளி ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு டியூஷனுக்கு ஓடி, சொந்தமாகக் கணக்குப் போட நேரமே இல்லாத பிள்ளைகளைத்தான் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

தேர்வில் கால்குலேட்டர் உண்டா?

கணக்குத் தேர்வில் கிடையாது. பெருக்கல் வாய்ப்பாடு 20 வரை தெரிந்திருந்தால் நேரம் மிச்சம்.

என் மகள் நீட் எழுதப்போகிறாள். அவளுக்குக் கணக்கு எதற்கு?

நீட்டுக்கு வேண்டாம். அதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டும்தான். ப்யூர் சயின்ஸ் எடுத்தால் உயிரியலுக்கு நேரம் கிடைக்கும். பயோ மேத்ஸ் எடுத்தால் இன்ஜினியரிங் கதவு திறந்திருக்கும், ஆனால் நாலு கனமான பாடத்தை இழுக்க வேண்டும். முடிவு அவளுடையதாக இருக்கட்டும் அம்மா. ஒன்று மட்டும் சொல்கிறேன், நீட்டின் இயற்பியல் பகுதியில் வெக்டரும் கொஞ்சம் வகையிடலும் தேவைப்படும். கணக்கு எடுக்காதவர்கள் அதை மட்டும் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிவரும்.

இன்ஜினியரிங் கட் ஆஃபில் கணக்குக்கு என்ன பங்கு?

200-இல் பாதி. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்குச் சுருக்கப்படும். கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 84 என்றால் 92 + 44 + 42 = 178. அதாவது கணக்கில் போகும் ஒரு மதிப்பெண்ணை ஈடுகட்ட இயற்பியலில் இரண்டு வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே கட் ஆஃப் வந்தாலும் முதலில் கணித மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள்.

இந்தப் பாடத்தை வைத்தே ஜே.இ.இ. எழுத முடியுமா?

பாடம் பெருமளவு ஒத்துப்போகும், வேகம் ஒத்துப்போகாது. என்.ஐ.டி., ஐ.ஐ.டி. பக்கம் போவதற்கான முதல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினில் மூன்று பாடத்துக்கும் சேர்த்து மூன்று மணி நேரம், கணிதத்தில் மட்டும் 25 கேள்வி. நமக்குப் படி எழுதினால் மதிப்பெண். அங்கே படியை யாரும் பார்ப்பதில்லை, தப்பான விடைக்குக் கழிப்பார்கள். பிளஸ் ஒன் தொடக்கத்திலிருந்தே தனிப் பயிற்சி இல்லாமல், பிளஸ் டூ டிசம்பரில் புத்தகம் வாங்கினால் நடக்காது.

இன்ஜினியரிங் வேண்டாம், கணக்கையே படிக்க ஆசை. வழி இருக்கிறதா?

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, வருடத்துக்கு ஒருவர் இப்படிக் கேட்டாலே அதிகம். ஊர் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இருக்கவே இருக்கிறது. அதற்கு மேல், சென்னையை அடுத்த சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. சொந்தமாக நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். அதன் பழைய வினாத்தாளை ஒருமுறை பாருங்கள். சூத்திரத்தில் போட்டால் வராது, அரை மணி நேரம் ஒரே கணக்கை முறைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த அரை மணி நேரம் பிடித்திருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். டேட்டா சயின்ஸ் பக்கம் மனம் போனால், சென்னை ஐ.ஐ.டி. ஆன்லைனில் நடத்தும் பி.எஸ். படிப்பு உண்டு. அதற்குப் பத்தாம் வகுப்பில் கணக்கும் இங்கிலீஷும் படித்திருந்தால் போதும், பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்றாலும் தகுதித் தேர்வு எழுதலாம்.

நடுவில் குரூப் மாற முடியுமா?

முதல் சில வாரங்களில், இடம் இருந்து தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டால் முடியும். காலாண்டுக்குப் பிறகு மாறுவது இரண்டு பக்கமும் கஷ்டம்.

ஃபெயில் ஆகிவிட்டால்?

தேர்ச்சிக்கு 35. கோடையிலேயே துணைத் தேர்வு வரும், விட்ட பாடத்தை மட்டும் எழுதி அதே வருடம் கல்லூரிக்குப் போகலாம். வருடாவருடம் பலர் போகிறார்கள்.

சரி சார், பள்ளி திறக்கும்வரை வீட்டில் என்ன செய்யட்டும்?

பிளஸ் ஒன் புத்தகத்தை இப்போதே தொடாதீர்கள். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் மூன்றாம் பாடம் இயற்கணிதம், ஆறாம் பாடம் முக்கோணவியல், இரண்டையும் எடுத்துப் பயிற்சிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு 80 பக்க நோட்டில் திரும்பப் போடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து. தப்பானதைச் சிவப்பில் அடித்து, பக்கத்திலேயே சரியாகப் போடுங்கள். முதல் நாள் வகுப்புக்கு அந்த நோட்டை எடுத்து வாருங்கள். நானாக இருந்தால் மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் அதைத்தான் வாங்கிப் பார்ப்பேன்.